மேல எங்க அக்கா இருக்குது

துவைத்த துணிகளைப் பக்கெட்டில் சுமந்துகொண்டு மாடிப்படியில் பாதி ஏறியிருந்தேன். கீழே கேட்டுக்கு வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. வந்தவர் போலீஸ் ஏட்டு. வண்டியை அணைக்காமல், ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டே வீட்டுச் சொந்தக்காரர் ஏழுமலையைக் கூப்பிட்டார். ஏழுமலை வாசலில் மல்லாட்டையைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. இந்தப் பக்கத்துப் பேச்சில் அப்படித்தான்.

“ஏழுமல, உன் வூட்ல ஃபாரினர்ஸ் யாரனா குடி வச்சிருக்கியா?”

ஏழுமலை தலையை நிமிர்த்தவே இல்லை. கையால் கடலையைப் பரப்பிக்கொண்டே பதில் சொன்னார்.

“இல்ல சார். மேல எங்க அக்கா இருக்குது, அவ்ளோதான்.”

ஏட்டு அண்ணாந்து என்னைப் பார்த்தார். நைட்டி, அதன் மேல் குறுக்கே ஒரு துண்டு, கையில் பக்கெட். அடி அண்ணாமலையில் காலை பத்து மணிக்கு எந்த மாடிப்படியைப் பார்த்தாலும் இப்படி ஒருத்தி நிற்பாள். அவருக்குச் சந்தேகப்பட ஒன்றும் இருக்கவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

நான் மலேசியாக்காரி. கெடா மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, முப்பது வருடத்துக்கு மேல் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தி, ஓய்வு பெற்ற பிறகு இந்த நாட்டுக்கு வந்தவள். என் பாஸ்போர்ட் மாடியில், அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. வெளிநாட்டுக்காரருக்கு வீடு விட்டால், வீட்டுக்காரர் ஒரு நாளுக்குள் ‘சி ஃபாரம்’ என்ற படிவத்தைப் போலீசுக்கு அனுப்ப வேண்டும். அது சட்டம் என்று எனக்குத் தெரியும். விசாவோடு வந்த தாளிலேயே அச்சடித்திருந்தது.

வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. துணி காயப்போட மேலே போய்விட்டேன். ‘எங்க அக்கா’ என்று அவர் சொன்னது காதுக்கு நன்றாக இருந்தது. அதுதான் காரணம். வேறு சாக்கு எதுவும் என்னிடம் இல்லை.

தமிழ் பேசுவதுதான் கஷ்டம்

திருவண்ணாமலைக்கு ஏன் வந்தேன், என்ன விசாவில் வந்தேன் என்பதையெல்லாம் முன் அத்தியாயங்களில் எழுதிவிட்டேன். வீடு கிடைத்த கதையை மட்டும் வாராவாரம் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். அதில் என் தப்பும் இருக்கிறது. சொந்தத் தப்பை எழுத யாருக்குத்தான் கை வரும்?

வந்த புதிதில் பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு லாட்ஜில் தங்கியிருந்தேன். வீடு தேடித் தர ஒப்புக்கொண்டவர் ஜமால் பாய். ஊருக்குள் பூட்டு சாவிக் கடை வைத்திருக்கிறார். வீடு பார்த்துக் கொடுப்பது பக்கத் தொழில். புதுப் பூட்டு வாங்க வருகிறவர்களிடமிருந்தே எந்த வீடு காலி என்று தெரிந்துகொள்வார். அந்தக் கெட்டிக்காரத்தனம் எனக்குப் பிடித்திருந்தது.

முதல் வீடு வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் பக்கம். புது வீடு, வழுவழுவென்று டைல்ஸ். வீட்டுக்கார அம்மா என்னை உட்காரச் சொல்லிவிட்டு ஆரம்பித்தார். எந்த ஊர்?

மலேசியா என்றேன்.

“அது சரிங்க, அதுக்கு முன்ன?”

அதற்கு முன்னால் நான் பிறக்கவில்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஐயா என்ன செய்கிறார் என்று கேட்டார். கல்யாணம் ஆகவில்லை என்றேன். சைவமா என்றார். வெள்ளிக்கிழமை மட்டும் என்றேன். கடைசியாக, குரலைத் தாழ்த்தி, நீங்க எந்த ஆளுங்க என்றார். எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அந்தக் கேள்வியைப் பெரியவர்கள் தங்களுக்குள் கேட்டிருப்பார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் என் அப்பா என்னிடம் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. தெரியாது என்று உண்மையைச் சொன்னேன். அந்த அம்மாள் அதை நம்பவில்லை. வீடு இல்லை.

இப்படி ஒன்பது வீடு. ஒரு வீட்டில் என்னை வாசலிலேயே நிற்க வைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தபோது, மாடியிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வேட்டியும் வெற்று மார்புமாக இறங்கி வந்தார். வீட்டுக்காரர் அவருக்குக் கும்பிடு போட்டு வழிவிட்டார். அவரிடம் எந்த ஆளு என்று கேட்டிருப்பாரா என்று திரும்பும் வழியெல்லாம் ஜமால் பாயிடம் பொரிந்து தள்ளினேன்.

பாய் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு ஸ்கூட்டரை ஓரம் கட்டினார்.

“கோச்சுக்காதீங்க மேடம். நீங்க வெள்ளையா இருந்தா மத்தியானத்துக்குள்ள வூடு முடிச்சிருப்பேன். தமிழ் பேசறீங்க பாருங்க, அதான் கஷ்டம். வெள்ளக்காரங்கள இன்னா கேக்கறதுனு இவங்களுக்குத் தெரியாது. உங்கள கேக்கறதுக்கு ஜாஸ்தி இருக்குது.”

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. வாழ்நாள் முழுக்கத் தமிழ் சொல்லிக் கொடுத்து வயிறு வளர்த்தவளுக்கு, அந்தத் தமிழே வீடு கிடைக்காமல் செய்கிறது என்றால் என்ன சொல்வது?

முட்டி வலி

பத்தாவது வீடுதான் அடி அண்ணாமலையில் ஏழுமலையின் வீடு. கிரிவலப் பாதையை விட்டு ஒரு சந்து உள்ளே. கீழே அவரும் மனைவி பச்சையம்மாளும். மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். பின்னால் ஒரு மாடு, அதற்குப் பின்னால் கொஞ்சம் நிலம். மாடியில் ஒரு அறை, சமையலறை, வெளியே ஒரு மொட்டை மாடி. மலை, கை நீட்டினால் எட்டும் போல அவ்வளவு பக்கத்தில் இருந்தது.

பச்சையம்மாளுக்கு என்னைவிட எட்டு வயது குறைவு இருக்கும். இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் பதில்களை வரிசையாகத் தயார் செய்துகொண்டு நின்றேன்: மலேசியா, கல்யாணம் இல்லை, வெள்ளிக்கிழமை சைவம், தெரியாது.

“முட்டி வலி இருக்குதாக்கா?” என்றாள்.

இல்லை என்றேன்.

“அப்ப சரி. படி கொஞ்சம் செங்குத்து. போன தபா இருந்தவங்க முட்டி வலின்னுதான் காலி பண்ணாங்க.”

அவ்வளவுதான். வேறு ஒரு கேள்வியும் இல்லை. ஜமால் பாய்க்கே நம்ப முடியவில்லை. பேச வேண்டியதைப் பேசி முடித்தோம். மார்கழி நடந்துகொண்டிருந்தது. மார்கழியில் குடி வரக்கூடாது என்று பச்சையம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். தை பிறக்கும்வரை லாட்ஜிலேயே கிடந்தேன்.

பால் பொங்கும்போது யார் நிற்பது?

புது வீட்டில் பால் காய்ச்சிவிட்டுக் குடி போவது எங்கள் ஊரிலும் உண்டு. தோட்டத்தில் அவசரத்துக்கு டின் பாலைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சியவர்களைக் கூடப் பார்த்திருக்கிறேன். இங்கேயும் ஒரு பாக்கெட் பால் வாங்கி வந்து தனியாகக் காய்ச்சிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன்.

பச்சையம்மாள் விடவில்லை. தன் மாட்டுப் பாலைச் செம்பில் கொண்டு வந்தாள். ஒற்றை ஆளாக நின்று பால் காய்ச்சக்கூடாது, கூடப்பிறந்தது யாராவது பக்கத்தில் நிற்க வேண்டும் என்றாள். எனக்கு ஒரு தங்கை. அவள் மலேசியாவில், சுங்கைப் பட்டாணியில் இருக்கிறாள் என்றேன். பச்சையம்மாள் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கீழே எட்டிப் பார்த்துக் கணவரைக் கூப்பிட்டாள். ஏழுமலை கை கால் கழுவி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்து என் வலது பக்கம் நின்றார். பால் பொங்கியது. மூவரும் ஆளுக்கொரு டம்ளர் குடித்தோம்.

வாசலில் கூடியிருந்த பெண்களில் ஒருத்தி, யாரு இது என்று கேட்டது எனக்குக் கேட்டது. எங்க வூட்டுக்காரருக்கு அக்கா மொறை, மலேசியாவுல இருந்தாங்க என்று பச்சையம்மாள் சொன்னதும் கேட்டது. தனியாக ஒரு பெண்பிள்ளை மாடியில் வந்து இருந்தால் ஊர் நாலு விதமாகப் பேசும். முறை சொல்லிவிட்டால் பேச்சு அத்தோடு முடிந்தது. அவள் எனக்குக் காவலாகத்தான் அதைச் சொன்னாள்.

அன்று மத்தியானமே சி ஃபாரம் பற்றிச் சொல்ல வேண்டும் என்று தாளை எடுத்துக்கொண்டு கீழே போனேன். இலை போட்டுக் காத்திருந்தார்கள். சாப்பிட உட்கார்ந்தேன். பருப்பு, முருங்கைக்காய்ச் சாம்பார், அப்பளம். தாள் மடியிலேயே இருந்தது. இலை போட்டவர்களிடம் போய், நான் வெளிநாட்டுக்காரி, என்னைப் போலீசில் பதியுங்கள் என்று எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்கும் அப்படியே போயிற்று.

யாரும் யாருக்கும் அக்கா இல்லாத வீடு

நான் ஒன்றும் வாடகை வீட்டுக்குப் புதியவள் இல்லை. முதன்முதலில் வேலைக்குப் போனபோது சுங்கைப் பட்டாணியில் ஒரு சீனப் பெண்மணியின் வீட்டு முன்னறையில் குடியிருந்தேன். மலாய்க்காரர்கள் ஆசிரியரைக் கூப்பிடுவது போல அவரும் என்னைச் ‘சிக்கு’ என்றுதான் கூப்பிடுவார். என் பெயர் அவருக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம். சுவரில் எழுதி ஒட்டிய மூன்று விதிகள் இருந்தன. நான் அவற்றை மீறவில்லை. அவரும் என் கதவைத் தட்டவில்லை. ஏழு வருடம் கழித்துக் காலி செய்தபோது கை குலுக்கினோம். ஒரு டின் பிஸ்கட் கொடுத்தார்.

நல்ல ஏற்பாடு அது. இன்றைக்கும் அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் என் ஐம்பத்தெட்டாவது வயதில் ஒருத்தி, கிண்ணத்தில் குழம்போடு மாடியேறி வந்து, “இன்னாக்கா, இன்னும் சாப்புடலியா?” என்று அதட்டினால் மனசு என்ன ஆகும் என்பதும் எனக்கு இங்கே வந்துதான் தெரிந்தது.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி இவர்கள் சந்து முனையில் மேசை போட்டு எலுமிச்சை ஜூஸ் விற்பார்கள். பாதை முழுக்க வெறுங்காலோடு ஜனம் நடந்துகொண்டே இருக்கும். இரண்டாவது பௌர்ணமியிலிருந்து பழம் பிழிவது என் வேலை ஆனது. விரல் இடுக்கெல்லாம் எரியும். அந்த எரிச்சல் இரண்டு நாள் இருக்கும். அதைக்கூட நான் சந்தோஷமாகத்தான் பொறுத்துக்கொண்டேன்.

ஏட்டு வந்து கேட்டுவிட்டுப் போனது அதற்குப் பிறகுதான். அன்று மாடிப்படியில் நின்றவள், நாலு மாதமாகக் குழம்பு சாப்பிட்டுப் பழம் பிழிந்த அக்கா. நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று உங்களுக்கு இப்போது புரியும் என்று நினைக்கிறேன். புரிந்தாலும் தப்பு தப்புதான்.

வெறும் கையோடு திரும்பினேன்

ஐப்பசியில் விசா முடிய ஒன்றரை மாதம் இருந்தது. நீட்டிப்பு கேட்டு விண்ணப்பத்தோடு, வெளிநாட்டவரைப் பதியும் வேங்கிக்கால் அலுவலகத்துக்குப் போனேன். எழுத்தர் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உங்கள் பேரில் சி ஃபாரமே வரவில்லையே என்றார். வீட்டுக்காரர் நேரில் வர வேண்டும், இவ்வளவு நாள் ஏன் தெரிவிக்கவில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும், படிவத்தையும் ஏற்ற வேண்டும். அது இல்லாமல் விண்ணப்பத்தை வாங்க முடியாது. வாங்காவிட்டால், தேதி முடிந்ததும் நான் கிளம்பியாக வேண்டும்.

அவர் கடுமையாகப் பேசவில்லை. இருப்பதைச் சொன்னார். நான்தான் ஆட்டோவில் திரும்பும்போது வியர்த்து ஊற்றிக்கொண்டு வந்தேன். ஊரில் எனக்கு வீடு கிடையாது. இருந்ததை விற்றுவிட்டு வந்தவள். தங்கை வீட்டில் இரண்டு மருமகள்களுக்கு நடுவே எனக்கு எங்கே இடம்?

கீழ் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு இந்த விதி முன்பே தெரியும் என்பதையும் சொன்னேன். ஏழுமலையின் முகம் வெளுத்துவிட்டது. போலீசிடம் வாய்கூசாமல் பொய் சொன்னதாக ஆகிவிட்டதே என்றார். ஏட்டு அடுத்த தெருவில் மாமனார் வீட்டுக்கு வாரம் ஒருமுறை வருகிறவர். நாளைக்கு அவர் முகத்தில் எப்படி விழிப்பது? கேஸ் போட்டால்? அவர் போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதித்ததே கிடையாது.

பச்சையம்மாள்தான் ஒரு வழி சொன்னாள்.

“எதுக்கு அங்க போவணும்? எங்க அட்ரஸ்லயே அக்காவுக்கு ஒரு ஆதார் எடுத்துடலாம். இவருக்குக் கூடப்பொறந்ததுன்னு போட்டா யாரு வந்து கேக்கப்போறாங்க? ரேஷன் கார்டுலயும் சேத்துக்கலாம்.”

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கடைத்தெருவில் எந்த ஆளைப் பிடிக்கலாம் என்பது வரை யோசித்துவிட்டாள். ஏழுமலையும் அதுதான் சரி என்பது போல என்னைப் பார்த்தார். இந்த உலகத்தில் வேறு யாரும் எனக்கு அவ்வளவு பெரிய ஒன்றைக் கொடுக்க முன்வந்ததில்லை. கையில் இருந்த காப்பியைக் குடித்து முடிக்கும்வரை எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

அப்பாவின் சிவப்பு அட்டை

மலேசியாவில் குடிமக்களுக்கு நீல நிற அடையாள அட்டை. குடியுரிமை இல்லாமல் தங்கியிருப்பவர்களுக்குச் சிவப்பு. என் அப்பா தோட்டத்தில் பிறந்து, தோட்டத்தில் பால் மரம் சீவி, தோட்டத்திலேயே செத்தவர். அவர் பிறந்ததைப் பதிய வேண்டிய தோட்டத்து எழுத்தர், கிராணி என்போம், பதியாமல் விட்டுவிட்டார். அதனால் கடைசி வரைக்கும் சிவப்பு அட்டைக்காரர். அம்மாவின் பத்திரம் சரியாக இருந்ததால் எங்களுக்கு நீலம் கிடைத்தது.

வருடத்துக்கு ஒருமுறை இஸ்திரி போட்ட சட்டையோடு, காகிதங்களை நெகிழிப் பையில் சுற்றிக்கொண்டு விண்ணப்பிக்கப் போவார். போய்விட்டு வந்ததும் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு மாலையில் மாடுகளைப் பிடித்துக் கட்டப் போய்விடுவார்.

ஒருமுறை தெரிந்தவர் ஒருவர் ஒரு வழி சொன்னார். அப்பா வயதிலேயே செத்துப்போன ஒருவரின் பிறப்புப் பத்திரம் இருக்கிறது, அந்தப் பெயரில் வாங்கிவிடலாம் என்றார். அம்மாவுக்குச் சம்மதம். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

“எவனோ ஒருத்தன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா நான் திரும்பிப் பார்க்கணுமே. அது என்னால ஆகாது” என்றார்.

சின்ன வயதில் எனக்கு அவர் மேல் கோபமாக வந்தது. இப்படி ஒரு பிடிவாதமா என்று நினைத்தேன். அடி அண்ணாமலையில், காலி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அந்தக் கோபம் ஒரேயடியாகப் போய்விட்டது.

வேண்டாம் பச்சையம்மா என்றேன். நான் மலேசியாக்காரி, அந்த நீல அட்டைக்காகத்தான் என் அப்பா வாழ்நாள் முழுக்க அலைந்தார், அதை மறைத்து வைத்துவிட்டு என்னால் இங்கே இருக்க முடியாது என்றேன். நல்லவிதமாகத்தான் சொன்னேன். ஆனால் டீச்சர் குரல் இருக்கிறதே, அது எதைச் சொன்னாலும் தீர்ப்பு மாதிரி வந்து விழும்.

“அப்ப நாங்க உனக்கு யாரும் இல்ல. அதான?” என்று கேட்டுவிட்டுப் பச்சையம்மாள் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

இரண்டு நாள் அவள் மாடிக்கு வரவில்லை. குழம்புக் கிண்ணமும் வரவில்லை. ஏழுமலை நிலத்துக்குப் போவதும் வருவதுமாக இருந்தார், என்னைப் பார்க்கவில்லை. அவரை இழுத்துக்கொண்டு போய் அதிகாரி முன்னால் நிறுத்த எனக்கு என்ன உரிமை? தப்பு என்னுடையது. மூன்றாம் நாள் காலை பெட்டியை இறக்கி, புடவைகளை அடுக்க ஆரம்பித்தேன்.

இஸ்திரி போட்ட சட்டை

குடி வந்த பிறகு ஏழுமலை மாடிக்கு வந்ததே இல்லை. பெண்பிள்ளை தனியாக இருக்கும் இடம் என்று கீழே நின்றேதான் குரல் கொடுப்பார். அன்று படியில் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினால் வாசலில் நின்றுகொண்டிருக்கிறார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி, கையில் வீட்டு வரி ரசீது, ஆதார் அட்டை. பெட்டியைப் பார்த்தார்.

“கெளம்புங்க டீச்சரம்மா. பதினோரு மணிக்குள்ள போனாதான் கூட்டம் கம்மியா இருக்கும்.”

என் முகத்துக்கு நேரே அவர் என்றைக்கும் அக்கா என்று கூப்பிட்டதில்லை. டீச்சரம்மாதான். மற்றவர்களிடம் பேசும்போதுதான் எங்க அக்கா.

படியிறங்கும்போது பச்சையம்மாள் வாசலில் நின்றாள். என் பையை வாங்கி, உள்ளே ஒரு டிபன் டப்பாவை வைத்துத் திருப்பிக் கொடுத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

வேங்கிக்காலில் அன்று இருந்த அதிகாரி ஒரு பெண். என் மாணவி வயதுதான் இருக்கும். எங்களை உட்காரச் சொன்னார். நான் உட்கார்ந்தேன், ஏழுமலை நின்றுகொண்டே இருந்தார். பத்து மாதமாக ஏன் தெரிவிக்கவில்லை என்று அதிகாரி கேட்டார். ஏழுமலை மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு, ஏட்டு வந்து விசாரித்ததையும், தான் சொன்ன பதிலையும் ஒரு எழுத்து விடாமல் ஒப்புவித்தார். யாரும் கேட்காமலே சொன்னார்.

“அக்கான்னு ஏன் சொன்னீங்க?”

“நம்ம வூட்ல இருக்கறவங்கள வேற எப்பிடி மேடம் சொல்றது?”

அதிகாரி என் பக்கம் திரும்பினார். விதி உங்களுக்குத் தெரியாதா என்றார். தெரியும் என்றேன். பிறகு ஏன் பேசாமல் இருந்தீர்கள் என்றார். வீட்டுப்பாடம் எழுதாமல் வந்து நிற்கும் பிள்ளைகளை முப்பது வருடம் நான் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் ஏன் தரையைப் பார்த்தார்கள் என்று அன்று தெரிந்தது. அவர் அக்கா என்று சொன்னது கேட்க நன்றாக இருந்தது, கெடுத்துக்கொள்ள மனசு வரவில்லை என்றேன்.

அவர் என் தாள்களை ஒருமுறை புரட்டினார். பிறகு இருவரையும் கண்டித்தார். இன்னொரு முறை இப்படி நடந்தால் வழக்குதான் என்று ஏழுமலையிடம் சொன்னார். விளக்கக் கடிதமும் படிவமும் இன்றைக்கே வந்தால் விண்ணப்பத்தை வாங்கிக்கொள்கிறேன், கிடைக்குமா கிடைக்காதா என்பது மேலிடத்து முடிவு, என்னால் உறுதி சொல்ல முடியாது என்றார். நியாயமான பேச்சு.

ஒரு கடிதம், ஒரு படிவம்

நீட்டிப்பு கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது. இல்லாவிட்டால் இந்த அத்தியாயத்தை அந்த மாடியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஆனால் அன்று மத்தியானம் எங்கள் இருவருக்கும் அது தெரியாது.

அலுவலகத்துக்கு எதிரே ஒரு பிரவுசிங் சென்டர். கம்ப்யூட்டரில் ஒரு பெண் இருந்தாள். அங்கே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து முதலில் கடிதத்தை எழுதினேன். ஏழுமலைக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அதற்கு மேல் எழுத்தோடு பழக்கம் கம்மி. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பாதியில் ஒரு இடம் வந்தது. மேற்படி பெண்மணி எனக்கு எந்த வகையிலும் உறவினர் இல்லை என்று தெளிவாக எழுதச் சொல்லி அதிகாரி குறித்துக் கொடுத்திருந்தார். அதைப் படித்துக் காட்டினேன்.

“அத எழுதிட்டு சொல்லுங்க. நான் வெளிய நிக்கிறேன்” என்று எழுந்து போய்விட்டார்.

எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று பள்ளியில் பெயர். அந்த ஒரு வரி மட்டும் கோணிக்கொண்டு போயிற்று. அவரைக் கூப்பிட்டேன். வந்து, படித்துக் காட்டச் சொல்லாமலே கையெழுத்துப் போட்டார்.

அடுத்தது படிவம். அந்தப் பெண் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுத் தட்டினாள். பெயர். லெட்சுமி. நாடு. மலேசியா. அந்தச் சொல்லை உரக்கவே சொன்னேன். பாஸ்போர்ட் எண், விசா எண், இந்தியாவுக்கு வந்த நாள், இந்த வீட்டுக்கு வந்த நாள். தை மாதம் என்ன தேதி என்று எனக்குத் தடுமாறியது. ஏழுமலை உடனே தேதியைச் சொன்னார்.

“இங்க இருந்து அடுத்து எங்க போறீங்க?”

நான் முழித்தேன். அப்படி ஒரு கட்டம் இருக்கிறதாம். இந்த இடத்தை விட்டு அடுத்துப் போகும் ஊர். சுற்றுலா வருகிறவர்களுக்கு அது சுலபம். அடுத்த ஊரைச் சொல்லிவிடுவார்கள். சுங்கைப் பட்டாணி என்று சொல்லிவிட வேண்டியதுதான், வேறு என்ன இருக்கிறது என்று வாயெடுத்தேன்.

“அத காலியா வுட்டுடும்மா” என்றார் ஏழுமலை.

“காலியா வுட்டா உள்ள போவாதுங்க. எதனா ஒரு ஊரு போட்டே ஆவணும்.”

ஏழுமலை நாற்காலியை இழுத்துப் போட்டு, தனக்குப் படிக்க வராத அந்தத் திரையை நெருங்கி உட்கார்ந்தார். இவ்வளவு நேரம் இருந்த பயம் அவர் முகத்தில் இல்லை. நிலத்து விஷயம் பேசும்போது வரும் குரல் வந்துவிட்டது.

“அடி அண்ணாமலனு போடு.”

“அது இப்ப இருக்கற ஊருங்க. இது போற ஊரு.”

“தெரியுதும்மா. அவங்க எங்க போனாலும் அங்கதான வரணும். போடு.”

அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். எனக்குக் கண் மறைத்தது.

“போடட்டுங்களா மேடம்?”

“போடும்மா” என்றேன்.